பலாட்சோ: அரண்மனையா, மாளிகையா?

பலாட்சோ, தமிழில் பெயர்க்கும்போது குழப்பும் இத்தாலியப் பெயர்ச்சொல், பன்மையில் பலாட்சி. துணிக்கடையில் 'பலாசோ' என்று கேட்டு வாங்கும் தொளதொளப்பான கால்சட்டைக்கும் இதே பெயர்தான்.

மூலம் இலத்தீன் 'பலாத்தியும்'. ரோமின் ஏழு குன்றுகளில் ஒன்றான பாலத்தீனில் அகஸ்டஸ் குடியிருந்தார். பின்வந்த பேரரசர்களும் அங்கேயே கட்டிக்கொள்ள, குன்றின் பெயர் கட்டடத்துக்கு ஆகிவந்தது. நம் இலக்கணப்படி இடவாகுபெயர். ஆங்கிலத்தின் 'பேலஸ்' இதே வேரில் வந்தது. ஆனால் 'பேலஸ்' அரசரைவிட்டு அதிகம் விலகவில்லை, பலாட்சோ விலகிவிட்டது.

இத்தாலியில் நகரத் தெருவை ஒட்டி எழும் பெரிய கட்டடம் எதுவும் பலாட்சோதான்: வணிகர் வீடு, நீதிமன்றம், அடுக்குமாடிக் குடியிருப்பு. 'பலாட்சோ கீஜி' பிரதமர் அலுவலகம்; செய்தியில் அப்பெயர் வந்தால் அரசாங்கத்தைக் குறிக்கிறது. தோட்டத்தோடு ஊருக்கு வெளியே இருப்பது வில்லா.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 'அரண்மனை' என்று எழுதக் கூடாது. அரண் + மனை, காவல் மிகுந்த மன்னர் இல்லம். பொதுவாக 'மாளிகை' பொருந்தும். குடியிருப்பானால் 'அடுக்குமாடிக் கட்டடம்'. புளோரன்ஸ் நகரின் பலாட்சோ பிட்டிக்கு 'மாளிகை', 'அரண்மனை' இரண்டும் பொருந்துவது வேடிக்கை. 1458 வாக்கில் லூக்கா பிட்டி என்ற வங்கியாளருக்காகத் தொடங்கியபோது அது மாளிகை. புளோரன்சை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக் கோமகன் முதலாம் கோசிமோவின் மனைவி எலியொனோரா 1549 வாக்கில் வாங்கிய பிறகு அரண்மனை. 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது அரசர் இங்கே தங்கினார். 'பலாட்சோ பிட்டி அரண்மனை' என்பது மட்டும் 'நடுசென்டர்' கதை. 'பிட்டி அரண்மனை' போதும்.

பின்புறச் சரிவில் உள்ள போபொலி தோட்டத்தை 'பூந்தோட்டம்' என்பதும் பிழை. இத்தாலிய பாணித் தோட்டத்தில் பூ இரண்டாம்பட்சம். ஆண்டு முழுக்கப் பசுமை மாறாத சைப்ரஸ், லாரல், பாக்ஸ் என்ற புதர்ச்செடியைக் கத்தரித்து அமைத்த வேலி, இவற்றோடு சிலையும் நீரூற்றும் ஒரே நேர்கோட்டு அச்சை ஒட்டி அமையும். கட்டடத்துக்குக் கல் வெட்டிய பள்ளமே அரைவட்ட அரங்காக மாறியது. அங்குள்ள 'லிமோனாயா'வை 'எலுமிச்சைத் தோட்டம்' என்று பெயர்த்தாலும் தவறு. தொட்டியில் வளரும் எலுமிச்சை வகைகளை உறைபனிக்குத் தப்பவைக்கக் குளிர்காலத்தில் உள்ளே வைக்கும் கட்டடம் அது. 'எலுமிச்சைக் காப்பகம்' எனலாம்.

அரசகுடும்பத் தோட்டத்துக்கு நம்மிடமே 'இலவந்திகை' உண்டு. சிலப்பதிகார நாடுகாண் காதையில் வருகிறது. நீர்நிலையைச் சூழ்ந்து, அரசனும் உரிமை மகளிரும் மட்டுமே உலவும் காவற்சோலை என்பது உரை. மெதிச்சி காலத்துப் போபொலிக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை. இன்று நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் உள்ளே போகலாம் என்பதால், பயணக் கட்டுரைக்கு 'அரண்மனைத் தோட்டம்' என்றே எழுதலாம்.