சட்டத்தின் விதியா, சட்டத்தின் ஆட்சியா?

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 16.3 என்ற எண்ணுள்ள இலக்கைத் தமிழில் தரும்போது ‘சட்டத்தின் விதியை ஊக்குவித்தல் மற்றும் நீதிக்கான அணுகல்’ என்று எழுதுவது பரவிவிட்டது. பயிற்சிக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் ‘ரூல் ஆஃப் லா’ என்று இருப்பதைச் ‘சட்டத்தின் விதி’ என்பது பொருளையே கெடுக்கும் பிழை.

‘ரூல் ஆஃப் லா’வில் உள்ள ‘ரூல்’ லத்தீன் ‘ரெகுலா’வில் தொடங்கி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதற்பொருள் அளவுகோல். விதி, ஆளுகை என்ற இரு பொருளும் அதிலிருந்து கிளைத்தவை. இந்தத் தொடரில் இருப்பது ஆளுகை. 1885இல் இதை விளக்கிப் பரப்பிய ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஏ.வி. டைசி, பிரதமர் முதல் கான்ஸ்டபிள் வரை எல்லோருக்கும் ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம் என்றார்.

‘விதி’க்கு நம் சட்டத்தமிழில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றுவது சட்டம். அதன்கீழ் அரசு வகுப்பது விதி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது, அதற்கான மத்திய விதிகள் 1989இல் வந்தன. ஆகவே ‘சட்டத்தின் விதி’ என்றால் எந்தச் சட்டம், எத்தனையாவது விதி என்றுதான் வக்கீல் கேட்பார். மற்றவர்கள் காதில் அது தலைவிதியாக விழும். விதியை அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டு அரசே திருத்திவிடலாம். ‘ரூல் ஆஃப் லா’வோ, இந்திரா காந்தி – ராஜ் நாராயண் வழக்கில் (1975) அரசமைப்பின் அடிப்படைக் கூறாகப் பேசப்பட்டது, அதை நாடாளுமன்றம்கூடக் கைவைத்து அகற்ற முடியாது. அரசு நினைத்தால் மாற்றக்கூடியதன் பெயரை, அரசையே கட்டுப்படுத்துவதற்கு எப்படிச் சூட்டுவது?

‘சட்டம் ஒழுங்கு’ என்று எழுதுவோரும் உண்டு. அது காவல்துறையின் வேலை. நெருக்கடி நிலையின்போது தெருக்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. ஆனால் சிறைப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போடக்கூட வழியில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். ஒழுங்கு இருந்தது, சட்டத்தின் ஆட்சி இல்லை.

‘சட்டப்படியான ஆட்சி’ கேட்க நன்றாக இருக்கிறது, பொருள்தான் தலைகீழ். அதில் ஆள்பவர் அரசர், சட்டம் அவர் கைக்கருவி. இந்த நுட்பம் சீனரையும் படுத்தியது. ‘ஃபாஜி’ என்று ஒரே ஒலியில் இரண்டு சொற்கள்: ஒன்று சட்ட அமைப்பு, மற்றது சட்டத்தின் ஆட்சி. 2018 திருத்தத்தில் அரசமைப்பின் முகவுரையில் முதலாவதை எடுத்து இரண்டாவதை வைத்தார்கள். நடைமுறை மாறியதா என்பது வேறு கேள்வி; சொல்லில் ஓர் எழுத்து எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘செங்கோன்மை’ அழகான தமிழ்ச்சொல். ஆனால் அது அரசனின் நற்பண்பைச் சொல்வது. அவனுக்கு மேலே ஒன்று இருப்பதைச் சொல்லாது.

‘சட்டத்தின் ஆட்சி’ என்பதே சரி. சோழர் ஆட்சியில் சோழர் ஆண்டதுபோல இங்கே சட்டம் ஆள்கிறது. இலங்கைத் தமிழரின் ‘சட்டவாட்சி’ இன்னும் செறிவானது; மக்களாட்சி என்பதோடு இணையாக நிற்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மீதிச் சொற்களுக்கும் இதே கதிதான். ஊக்குவிக்க அது குழந்தையா? வலுப்படுத்தலாம், நிலைநாட்டலாம். ‘நீதிக்கான அணுகல்’ என்றால் ஊரில் யாருக்குப் புரியும்? நீதிமன்றக் கட்டணம், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம், பேருந்து மாறிப் போகவேண்டிய தூரம், புரியாத மொழியில் வரும் உத்தரவு: இவை தடுக்காமல் நீதி கிடைப்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் நம் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் இருப்பதும் இதற்காகவே. மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு இந்த வேலையைப் பார்த்தால் சொல் தானே வரும்.

16.3ஐ இப்படி எழுதலாம்: ‘நாட்டளவிலும் பன்னாட்டு அளவிலும் சட்டத்தின் ஆட்சியை வலுப்படுத்துவது, எல்லோருக்கும் சமமாக நீதி கிடைக்கச் செய்வது.’