தாய் சாப்பிட்டதும் பிள்ளை அழுததும்

ஆறு வாரப் பிள்ளை ஒன்று சாயங்காலம் வீறிட்டு அழ ஆரம்பித்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் சுவர். சத்தம் வரிசை முழுக்கப் போகும். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வாசலில் வந்து நிற்பார். "என்னா புள்ள தின்ன நேத்து? கோவாவா, பருப்பா?" உள்ளேயிருந்து மாமியாரும் சேர்ந்துகொள்வார். "பச்ச ஒடம்புக்காரி கண்டதையும் திங்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேனே." அன்றிலிருந்து அந்தத் தாயின் தட்டு ஒவ்வொன்றாகக் காலியாகும். கோவா (முட்டைக்கோஸ்) போகும், பருப்பு போகும், வாழைப்பழம் போகும், முட்டையும் கருவாடும் போகும். கடைசியில் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் மிளகு ரசமும், இல்லாவிட்டால் ரொட்டியும் பால் சேர்க்காத தேத்தண்ணியான சாயத் தண்ணியும்.

பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியிலும் தப்பில்லை. தாய் சாப்பிடுவதில் சில பொருட்கள் பாலுக்குள் போவது உண்மை, அவற்றில் ஒன்றிரண்டு பிள்ளையைத் தொந்தரவு செய்வதும் உண்மை. ஆனால் எது போகும், எது போகாது என்று பார்த்துக்கொண்டு வந்தால், நாம் வழக்கமாகப் பழி போடும் சாப்பாடுகளில் பெரும்பாலானவை மேல் குற்றமே இல்லை என்று தெரியும். யாரும் சந்தேகப்படாத சில விஷயங்கள்தான் கவனிக்க வேண்டியவை. அதைவிட முக்கியமாக, தட்டில் இருப்பதைக் காட்டிலும் தட்டிலிருந்து எடுத்துவிட்டது பிள்ளையை அதிகம் பாதிக்கலாம்.

தாய்ப்பால் உண்டாவது ரத்தத்திலிருந்து. மார்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் ஏராளமாக இருக்கின்றன. ஒவ்வொரு பையின் உள்சுவரிலும் பால் சுரக்கும் கலங்கள் ஒரே அடுக்காக நிற்கும்; அவற்றுக்கு வெளியே மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடும். கலங்கள் ரத்தத்திலிருந்து தண்ணீரையும் குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் கொழுப்பையும் எடுத்து, பாலுக்குரிய சர்க்கரையான லாக்டோஸையும் பெரும்பாலான புரதங்களையும் தாங்களே செய்து பைக்குள் விடுகின்றன. பிரசவமான முதல் சில நாட்களில் கலங்களுக்கு இடையே சின்ன இடைவெளிகள் இருக்கும். பால் நன்றாகச் சுரக்க ஆரம்பித்ததும் அவை மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு பொருள் பாலுக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் கலத்துக்கு ஊடாகத்தான் போக வேண்டும். சிறிய மூலக்கூறுகளும் கொழுப்பில் கரைபவையும் சுலபமாகக் கடக்கும். மற்றவை திணறும்.

இப்போது கோவாவை எடுத்துக்கொள்வோம். கோவாவும் பருப்பும் நமக்கு வாயு உண்டாக்குவதற்குக் காரணம், அவற்றில் உள்ள நார்ச்சத்தும் சில வகைச் சர்க்கரைகளும் சிறுகுடலில் செரிப்பதில்லை. அவை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருக்கும் பாக்டீரியா அவற்றைப் புளிக்க வைக்கும். அதில் வருவதுதான் வாயு. இது முழுக்கத் தாயின் குடலுக்குள் நடக்கும் வேலை. நார்ச்சத்து ரத்தத்துக்கே போகாதபோது பாலுக்கு எப்படிப் போகும்? குடலில் உண்டான வாயுவில் கொஞ்சம் ரத்தத்தில் கரைந்தாலும் நுரையீரல் வழியாக மூச்சில் போய்விடும். அமெரிக்கத் தாய்மாரிடம் தபாலில் கேள்வி அனுப்பிச் செய்து 1996இல் வெளியான ஓர் ஆய்வில், கோவா வகைகளும் வெங்காயமும் சாப்பிட்டவர்கள் பிள்ளைக்கு வயிற்று வலி இருந்ததாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னவர்கள். கோவா கூடாது என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த தாய், பிள்ளை அழுத அன்று சாப்பிட்ட கோவாவைத்தான் ஞாபகம் வைத்திருப்பாள். குளிர்ச்சி என்று ஒதுக்கும் வாழைப்பழத்தின் கதையும் இப்படித்தான். நுவரெலியாக் குளிரில் ஒரு சீப்பையே சாப்பிட்டாலும் பால் தாயின் உடம்புச் சூட்டில்தான் வரும்.

மணம் மட்டும் நன்றாகவே போகும். 1991இல் பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு நிலையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 2 மணி நேரம் கழித்து அவர்களுடைய பாலில் பூண்டு வாசனை தூக்கலாக இருந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கும் நம் வழக்கத்தைத் தயங்காமல் தொடரலாம்.

அப்படியானால் ஏன் இத்தனை பேருக்குச் சாப்பாட்டை நிறுத்தியதும் பிள்ளை சரியானது போலத் தோன்றுகிறது? 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன், 80 பிள்ளைகள் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மாரிடம் குறிப்பெடுத்து வைக்கச் சொன்னார். இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை ஏறியது. ஆறாம் வாரத்தில் ஒரு நாளைக்கு சுமார் 2¾ மணி நேரமாக உச்சத்தைத் தொட்டது. அப்புறம் தானாகவே இறங்கி, மூன்றாம் மாதம் பாதிக்கும் கீழே போனது. அதிகமாக அழுதது சாயங்காலங்களில். இது நோயில்லாத, நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் கணக்கு. ஐந்தாறு வாரத்தில் தாங்க முடியாமல் போய் ஒரு சாப்பாட்டை நிறுத்துகிறோம். ஏழெட்டு வாரத்தில் அழுகை குறைகிறது. எதை நிறுத்தியிருந்தாலும் குறைந்திருக்கும். ஆனால் பெயர் கோவாவுக்குப் போய்விடும், அடுத்த மருமகளுக்கும் அதே பத்தியம்.

இனி யாரும் விசாரிக்காத தேத்தண்ணிக்கு வருவோம். தேயிலையில் தூக்கத்தைக் கலைக்கும் கஃபீன் என்ற பொருள் இருக்கிறது. சிறிய மூலக்கூறு, தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும். கலத்தைக் கடக்க அதற்கு ஒரு சிரமமும் இல்லை. தாய் குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் அளவு உச்சத்துக்கு வரும். பிள்ளைக்குப் போய்ச் சேர்வது தாய் குடித்ததில் சுமார் ஒரு சதவீதம்தான். ஆனால் அதைக் கழிக்கப் பிள்ளைக்கு எடுக்கும் காலம்தான் பிரச்சினை. வளர்ந்தவரின் ஈரல், உடம்பிலுள்ள கஃபீனில் பாதியை சுமார் 5 மணி நேரத்தில் கழித்துவிடும். பச்சைப் பிள்ளையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி இன்னும் முதிர்ந்திருக்காது. பாதி கழிய மூன்று நாலு நாள் எடுக்கும். தண்ணீர் போகும் வழி அடைத்துக்கொண்ட தொட்டியில் குழாய் சொட்டுச் சொட்டாக விழுவது போல, ஒவ்வொரு கோப்பையின் கஃபீனும் முந்தியதோடு சேர்ந்துகொண்டே போகும். ஆறு மாதம் ஆகும்போது பிள்ளையின் ஈரல் பெரியவர்களின் வேகத்துக்கு வந்துவிடும்.

ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் தோராயமாக 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். பால் கொடுக்கும் தாய் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வரை எடுத்தால் பிள்ளைக்குப் பயமில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன அளவு. அதாவது நாலைந்து கோப்பை. தோட்டத்தில் இந்தக் கணக்கைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். காலையில் அடுப்பு பற்றவைத்ததும் ஒன்று, ரொட்டியோடு ஒன்று, வீட்டுக்கு வருகிறவர்களோடு ஒன்று, குளிருக்கு ஒன்று, பசியை அடக்க இன்னொன்று. அதிலும் வீட்டில் கொதிப்பது டஸ்ட் தேயிலை. சாயம் கெட்டியாக இறங்கும். பிரேசிலில் மூன்று மாதப் பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், தாய் நிறையக் காப்பி குடித்தாலும் பிள்ளையின் இரவுத் தூக்கம் குறிப்பிடும்படி கெடவில்லை. ஆகவே தேத்தண்ணியை முழுக்க விடச் சொல்லத் தேவையில்லை. பிறந்து சில வாரமே ஆன பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு, துடிதுடிப்பாக, தூங்காமல் கிடந்தால், தாய் குடிக்கும் கோப்பைகளை ஒரு வாரம் எண்ணிக் குறைத்துப் பார்க்கலாம்.

வெற்றிலையோடு சேர்க்கும் புகையிலையைப் பற்றி எனக்கு இந்தத் தாராளம் இல்லை. நிக்கோட்டின் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் கூடுதலாகச் சேரும். மென்றாலும் அது ரத்தத்துக்குப் போகத்தான் செய்யும். புகைபிடித்த தாயின் பாலைக் குடித்த பிள்ளைகள் அதன் பிறகு குறைவாகத் தூங்கியதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உடம்பு தேற என்று கொடுக்கும் பிராந்தியும் கூடாது. ரத்தத்தில் எவ்வளவு மதுசாரமோ அநேகமாக அவ்வளவும் பாலில் இருக்கும்.

தாயின் சாப்பாட்டால் பிள்ளைக்கு உண்மையாகவே நோய் வரும் இடம் ஒன்று உண்டு. அதுவும் கோவா இல்லை, பசுப்பால். தாய் பால் தேத்தண்ணியோ தயிரோ எடுக்கும்போது, பசுப்பாலில் உள்ள பீட்டா-லாக்டோகுளோபுலின் என்ற புரதத்தில் துளியளவு செரியாமல் குடலைத் தாண்டி ரத்தத்துக்கும் பாலுக்கும் வந்துவிடும். சோதித்த தாய்மாரில் சுமார் பாதிப் பேரின் பாலில் இது இருந்தது. அளவு நானோகிராம் கணக்கு, அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அநேகப் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் செய்யாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய 200க்கு ஒன்று என்ற அளவில் உடம்பின் எதிர்ப்பு சக்தி அதைப் பகையாக எடுத்துக்கொள்ளும். அப்போது பிள்ளை சும்மா அழுவதோடு நிற்காது. மலத்தில் சளியும் ரத்த இழையும் தெரியும், தோலில் கரப்பான் வரும், வாந்தி இருக்கும், சில பிள்ளைகளுக்கு எடையும் ஏறாது.

இந்த அறிகுறிகள் இருந்தால், கிளினிக்கில் டொக்டரிடமோ மிட்வைஃப் மிஸ்ஸிடமோ கேட்டுக்கொண்டு தாய் இரண்டு முதல் நாலு வாரம் பசுப்பாலை விட்டுப் பார்க்கலாம். பால்மா, தயிர், யோகட், பட்டர் எல்லாம் இதில் அடங்கும். பலர் மறப்பது கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவை. அதிலும் சோளத்தோடும் சோயாவோடும் பால்மா சேர்கிறது. பிள்ளைக்குச் சரியானால் திரும்பப் பாலைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறுபடி அறிகுறி வந்தால்தான் காரணம் பால் என்று உறுதி. வராவிட்டால் தாராளமாகக் குடிக்கலாம். நிறுத்தியிருக்கும் நாட்களில் கல்சியத்துக்கு முள்ளோடு சாப்பிடும் நெத்தலிக் கருவாடு, குரக்கன், எள்ளு, கீரை இருக்கின்றன. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாய் பால்மாவை விடுவதில் பலன் இல்லை. அந்த லாக்டோஸைத் தாயின் கலங்களே செய்கின்றன. பட்டினி கிடந்தாலும் செய்யும்.

பச்சையாக, நுரை நுரையாக மலம் போய், பிள்ளையும் அடிக்கடி அழுதால், பால் ஒரேயடியாக வேகமாக வருவது காரணமாக இருக்கலாம். கொழுந்து எடுக்கப் போய், மார்பு கட்டிக்கொண்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு ஓடி வரும் தாய்க்கு இது நன்றாகவே நடக்கும். முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. கொஞ்சம் கையால் பீய்ச்சிவிட்டு, ஒரு பக்கத்தை முழுக்கக் குடிக்க வைத்து அப்புறம் மறு பக்கம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

அழுகை மட்டும்தான் பிரச்சினை என்றால் பத்தியம் உதவுமா? மெல்பேர்னில் 2005இல் வெளியான ஆய்வில் தாய்மார் ஒரு வாரம் பசுப்பால், முட்டை, கடலை, கொட்டை வகைகள், கோதுமை, சோயா, மீன் எல்லாவற்றையும் விட்டார்கள். அவர்களின் பிள்ளைகளில் 74 சதவீதமும், வழக்கமாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் 37 சதவீதமும் அழுகையைக் குறைத்தன. ஆனால் 2018இல் எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு, இதைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றது. அந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு தாய் அத்தனையையும் விட்டால் அவளுக்கு மிஞ்சுவது என்ன? 2016இல் இலங்கை முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டுக்கே சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் சுமார் 32 சதவீதம். ஏற்கனவே குறைவாகச் சாப்பிடும் இடத்தில் இன்னும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாய் இளைத்தாலும் பாலில் லாக்டோஸும் புரதமும் பெரிதாகக் குறையாது. தன் உடம்பைக் கரைத்தாவது அவற்றைக் கொடுத்துவிடுவாள். விட்டமின் பி1, பி12, ஏ, அயடீன் ஆகியவை அப்படியில்லை. தாய் சாப்பிட்டால்தான் பாலில் இருக்கும். இதில் மிக அவசரமானது தயமின் என்னும் பி1, ஏனென்றால் உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குமேல் தாங்காது. லாவோஸிலும் கம்போடியாவிலும், பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்று தீட்டிய அரிசிச் சோற்றையே பிரதானமாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள், இரண்டு மூன்று மாதத்தில் ஓயாமல் சிணுங்க ஆரம்பித்து, பால் குடிக்க மறுத்து, வாந்தி எடுத்து, கடைசியில் குரலே எழும்பாமல் வாயை மட்டும் திறந்து அழுதன. அது பெரிபெரி நோய். இதயம் செயலிழந்து உயிர் போகும்வரை கொண்டுபோகும். பி1 ஊசி போட்டால் பல பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே தேறிவிடும். தேயிலையிலும் பாக்கிலும் உள்ள சில பொருட்கள் பி1ஐக் கெடுப்பவை. சாப்பாட்டோடு சேர்த்துச் சாயத் தண்ணி குடித்தால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தும் சரியாக உடம்பில் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இதே இடைவெளி வேண்டும்.

குரல் தேய்ந்து அழும் பிள்ளையை, பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளையை, மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் கண்ட பிள்ளையை, பால் குடிக்க மறுக்கும் பிள்ளையை அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாந்தம் என்று உரை மருந்து இழைத்து வாயில் வைத்துக் காத்திருக்கும் நேரம் அதுவல்ல. ஆறு மாதத்துக்குள் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை.

தாய்க்கோ பால் சுரக்கத் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே ஒரு கோப்பை புழுங்கல் அரிசிச் சோறு, அரைக் கோப்பைப் பருப்பு, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்ந்தால் அது கிடைத்துவிடும். பி1 நன்றாக இருப்பதும் அந்தப் புழுங்கல் அரிசியிலும் பருப்பிலும் கடலையிலும்தான்.