மெயினை இறக்கிய பிறகும் வீட்டில் கரண்ட் இருந்தது

2024 டிசம்பர் 1 இரவு. ஃபெஞ்சல் புயல் முந்தின நாளே புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துவிட்டது, இனி நமக்கென்ன என்று கதவைச் சாத்திப் படுத்திருந்தோம். நள்ளிரவு தாண்டி போன் அடித்தது. ஏரிக்குக் கீழே தாழ்வான தெருவில் குடியிருக்கும் தம்பி. அவர் வீட்டுக்கு வயரிங் செய்தவன் நான்.

"அண்ணா, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. மெயினை இறக்கிட்டேன். ஆனாலும் தண்ணில கால வச்சா சுள்ளுன்னு இழுக்குதுண்ணா."

"வீட்ல லைட் எரியுதா?"

"எரியுது."

எனக்கு வியர்த்துவிட்டது. மெயினை இறக்கினால் மின்வாரியத்துக் கரண்ட்தான் நிற்கும். இன்வெர்ட்டர் அந்த நொடியே பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். ஹாலில் டிவிக்காகத் தரையோரம் வைத்த ப்ளக் பாயிண்ட் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. அதை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்தது நான்தான்.

அம்மாவையும் இரண்டு குழந்தைகளையும் மரக்கட்டிலில் ஏற்றி வைத்திருந்தார். இன்வெர்ட்டர் அந்த அறையின் ஷெல்ஃபில், தண்ணீர் படாத உயரத்தில் இருந்தது. "கட்டில்ல நின்னுக்கிட்டே எட்டுமா? கையை நல்லாத் துடைச்சுட்டு முன்பக்க பட்டனை ஆஃப் பண்ணுங்க. லைட் அணைஞ்ச பிறகுதான் யாரும் கீழ இறங்கணும்." விளக்கு அணைந்தது. பக்கத்து மாடி வீட்டுக்கு நால்வரும் போய்ச் சேர்ந்து அவர் திரும்ப அழைக்கும்வரை நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் அன்று பெய்தது 50 சென்டிமீட்டர். தருமபுரி மாவட்டம் அரூரில் 33. ஊத்தங்கரைப் பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் தண்ணீர் இழுத்துப் போனதை நாடே டிவியில் பார்த்தது. வெள்ளம் என்றால் கடலூர், சென்னை என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். வறண்ட மாவட்டம், குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கி அலைந்த ஊர். அதனாலேயே நம் வீடுகளில் வெள்ளத்துக்கென்று ஒரு ஏற்பாடும் கிடையாது. நம் பக்கம் தண்ணீர் வரும் விதமும் வேறு. ஏரி நிரம்பிக் கரையை மீறினால் சில மணி நேரத்தில் தெருவே ஓடையாகிவிடும். தென்பெண்ணை ஓரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. பெங்களூருப் பக்கம் மழை கொட்டினால், நம் ஊரில் வெயில் அடிக்கும்போதே கெலவரப்பள்ளியிலும் கே.ஆர்.பி. அணையிலும் தண்ணீர் திறப்பார்கள். ஒகேனக்கல் காவிரியும் அப்படித்தான், கர்நாடகத்தில் கபினி, கே.ஆர்.எஸ். அணைகள் நிரம்பினால் இங்கே பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே உங்கள் தலைக்கு மேல் இருக்கும் மேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்டோராவோ, ஒலிபெருக்கியோ, போனில் எச்சரிக்கையோ வந்தால் அப்போதே கிளம்புங்கள்.

புரட்டாசி கடைசியிலேயே, பகல் வெளிச்சத்தில், ஒரு வேலை செய்யுங்கள். மெயினை இறக்கிப் பாருங்கள். எந்த விளக்கு, எந்த ஃபேன் இன்னும் ஓடுகிறதோ, எந்த ப்ளக்கில் போன் சார்ஜ் ஏறுகிறதோ, அதெல்லாம் இன்வெர்ட்டர் லைன். அந்த ப்ளக்குகள் முழங்காலுக்குக் கீழே இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏற்றச் சொல்லுங்கள், அல்லது அந்த லைனிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரை அணைக்கும் பட்டன் எங்கே என்று வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். ஆண்கள் ஓசூர் கம்பெனிக்கு நைட் ஷிஃப்ட் போயிருக்கும் வீடுகள் எத்தனை! கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப்பர் இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். மெயின் பக்கம் மாட்டிய ட்ரிப்பர் இன்வெர்ட்டரிலிருந்து வரும் கரண்டைத் தடுக்காது. பேட்டரி பெரும்பாலும் 50 கிலோவுக்குப் பக்கம் இருக்கும், அவசரத்தில் தூக்க முடியாது. தாழ்வான வீடென்றால் இப்போதே உயரமான, உறுதியான மேடையில் வைத்துவிடுங்கள். மாடியில் சோலார் தகடு இருந்தால், பகலில் அதிலிருந்து வரும் வயரில் எப்போதும் கரண்ட் உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

தண்ணீர் வாசலை நெருங்கும்போதே இன்வெர்ட்டரை அணையுங்கள், மெயினை இறக்குங்கள், கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள், தொழுவத்தில் மாடுகளின் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரை எல்லாம் முன்பே ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்து, மெயின் போர்டுக்கு அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால், போகவே போகாதீர்கள். உயரமான இடத்தில் நின்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்து, உங்கள் தெருவுக்கு சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. ஓடும் தண்ணீர் முக்கால் சாண் ஆழம் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும், இரண்டடி வந்தால் காரைத் தூக்கிவிடும். தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதீர்கள்.

நம் பக்கம் மழைக்காலத்தில் நான் அதிகம் பயப்படுவது கொடிக்கம்பிக்குத்தான். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை ஒரு முனையில் தகரக் கொட்டகையிலும் மறுமுனையில் சர்வீஸ் வயர் வரும் குழாயிலும் கட்டி வைத்திருப்பார்கள். வயர் தோல் உரிந்து அதில் பட்டால் ஈரத்துணியை எடுக்கப் போகிற அம்மாவின் உயிர் போகும். காப்பாற்ற ஓடி வந்து தொடுகிறவரும் தப்ப மாட்டார். இன்றே அறுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். விலை ஒன்றும் பெரிதில்லை. மழையில் மின்கம்பத்தையும், அதைத் தாங்கி இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியையும் தொடாதீர்கள், அதில் மாட்டைக் கட்டாதீர்கள்.

மூன்றாம் நாள் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். தரையைக் கழுவி, வெயிலும் அடித்து, ஹால் காய்ந்து பளிச்சென்று இருந்தது. "போட்டுடலாமாண்ணா?" என்றார். நான் அந்த டிவி பாயிண்டின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை இழுத்தேன். சுவருக்குள் புதைத்த பைப்பிலிருந்து செந்நிறத் தண்ணீர் கால் டம்ளர் அளவு வழிந்தது. ப்ளக்கின் பித்தளைக் காதுகளுக்கு நடுவே மாவு போல வண்டல் அப்பியிருந்தது. வெளியே காய்ந்த சுவர் உள்ளே இப்படித்தான் இருக்கும். அப்படியே கரண்ட் கொடுத்தால் சுவரைத் தொட்டவருக்கே ஷாக் அடிக்கலாம்.

எல்லாப் பலகைகளையும் கழற்றித் தொங்கவிட்டோம். வயரில் கரண்ட் கசியுமா என்று காட்டும் மெக்கர் கருவியை வைத்து லைன் லைனாக அளந்து, தேறியதை மட்டும் போட்டேன். நனைந்த சுவிட்ச், ப்ளக், ட்ரிப்பர்களைக் காயவைத்துத் திரும்ப மாட்டுவதில்லை, மாற்றிவிடுவேன். ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் நனைந்திருந்தால் மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை ப்ளக்கில் சொருகாதீர்கள். கிணற்று மோட்டார் விஷயத்திலும் ஏமாந்துவிடாதீர்கள். போர் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடப்பதுதானே என்று கேட்கிறார்கள். மோட்டார் தாங்கும். வெளியே இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியும் கேபிள் ஜாயிண்டும் தாங்காது. அந்த இரும்புப் பெட்டியைத்தான் வெறுங்காலோடு, ஈர வரப்பில் நின்று திறக்கிறோம்.

அந்த வீட்டில் விளக்கு லைன் ஆறாம் நாள் எரிந்தது. ஹால் ப்ளக் லைன் மட்டும் மெக்கரில் தேறவே இல்லை. பழைய வயரை உருவிவிட்டுப் புதிது இழுத்தோம். டிவி பாயிண்ட் இப்போது நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, இன்வெர்ட்டர் லைனில் இல்லை.