இலந்தை வடைத் தொழிலுக்கு 35 சதவீத மானியம்: பணம் எங்கே வரும், எப்போது வரும்?

தை பிறந்துவிட்டால் மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரைகளில் இலந்தைப் பழம் கொட்டிக் கிடக்கும். என் சித்தி அதைக் கூடையில் அள்ளிவந்து, வெல்லமும் மிளகாயும் உப்பும் பெருங்காயமும் சேர்த்து உரலில் இடித்து, வடையாகத் தட்டி மாடியில் காயவைப்பார். பொழுது சாய்வதற்குள் எடுத்து உள்ளே வைத்தாக வேண்டும். ஒரு ராத்திரி பனியில் கிடந்தாலும் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். பத்துக் கிலோவைத் தாண்டி அவரால் செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். ஒரு உலர்த்தியும் பாக்கெட் ஒட்டும் மெஷினும் இருந்தால் கதையே வேறு.

அதற்கு உதவும் திட்டம் ஒன்று இருக்கிறது. உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களை முறைப்படுத்தும் பிரதமரின் திட்டம் என்பது அதன் பெயர், வங்கியில் பி.எம்.எஃப்.எம்.இ. என்றால் தெரியும். 2020 ஜூனில் தொடங்கி, 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. அதனால் முதல் வேலையாக, இப்போது புது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். நம் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும். மீதி வங்கிக் கடன். இடம் வாங்கும் செலவு கணக்கில் சேராது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

பலரும் தடுமாறுவது மானியம் வந்து சேரும் விதத்தில்தான். உலர்த்தி, கூழ் பிழியும் மெஷின், பாக்கெட் மெஷின் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடுவது 40,000. வங்கி கொடுப்பது 3,60,000. மானியம் 1,40,000. ஆனால் இந்த 1,40,000 உங்கள் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். வங்கி கடன் தொகையின் கடைசிப் பகுதியை உங்களுக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம் தொழில் நடந்து, தவணையும் ஒழுங்காகக் கட்டியிருந்தால், அப்போதுதான் அதைக் கடனில் கழிப்பார்கள். “மானியம் வந்ததும் வெல்லக் கடன் அடைச்சுடலாம்” என்று ஒரு அக்கா என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அப்படி நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

சரி, பழத்துக்கும் வெல்லத்துக்கும் பணம்? மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து, ஏற்கெனவே உணவுப் பொருள் செய்து விற்பவர்களுக்கு இதே திட்டத்தில் விதை மூலதனம் உண்டு. உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை. குழுக்களின் கூட்டமைப்புக்கு அது மானியமாக வரும். உறுப்பினருக்குக் கடனாகத்தான் போகும், திருப்பிக் கட்ட வேண்டும். மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். இலந்தைக்கு இந்தப் பணம்தான் உயிர். பழம் கிடைப்பது தை, மாசி இரண்டே மாதம். அந்த நேரத்தில் கையில் காசு இல்லாவிட்டால் அந்த வருடமே போயிற்று.

கடன் தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். எனவே வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் இலந்தையை மட்டும் எழுதாதீர்கள். மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல், மோர் மிளகாய் என்று அதே உலர்த்தியில் போடக்கூடியதையெல்லாம் சேருங்கள். அறிக்கை எழுதவும் வங்கிக்கு அலையவும் மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கு அரசே பணம் கொடுக்கிறது, நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம். தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம், சுருக்கமாக நிஃப்டெம், இந்தத் திட்டத்தின் பயிற்சிக்குப் பொறுப்பான இரண்டு தேசிய நிறுவனங்களில் ஒன்று. குறுவையின் ஈர நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராயத் தொடங்கிய இடம் அது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் பெண்கள் அங்கே போகத் தயங்குவது எனக்குப் பெரிய வருத்தம்.

பழம் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். சொந்த வரப்பு மரம் என்றால் பிரச்சினை இல்லை. புறம்போக்கு மரம் என்றால் ஊராட்சியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கோடியக்கரை சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது, அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நீலகிரியில் தவிட்டுப்பழம் மாதிரி மலைக்காட்டுப் பழங்களை எடுக்கும் பழங்குடியினருக்கு வன் தன் என்று தனித் திட்டம் இருக்கிறது: 300 பேர் சேர்ந்த மையத்துக்கு 15 லட்சம் வரை. அதை நம் ஊருக்குக் கேட்க முடியாது.

எங்கே பறித்தாலும் கிளையை ஒடிக்காதீர்கள். கீழே துணி விரித்து உலுக்கினால் போதும். மேல் கொப்பில் இருப்பதைக் குருவிக்கு விட்டுவிடுங்கள். அப்புறம், வருடம் நாலு கன்றாவது வரப்பில் வையுங்கள்; கரையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுவது இலந்தைதான்.

விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், இடத்துக்கான ஆவணம், மெஷின் விலைப்பட்டியல் எல்லாவற்றையும் ஆடியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். வங்கியில் மாதக்கணக்கில் இழுக்கும். தையில் பழம் விழும்போது உலர்த்தி வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.