ரத்தம் வரலன்னா அடியே படலன்னு அர்த்தமா?

சைக்கிள் ஹேண்டில் வயித்துல குத்தி வந்த கேஸ் போன மாசம் ஒன்னு, இப்ப இது ரெண்டாவது. அதான் பொறுக்க முடியாம எழுதுறேன்.

மலேசியாவுல, கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல மெடிக்கல் அசிஸ்டண்டா இருக்கேன். இங்க பசங்க வேலை முடிஞ்சு எட்டு மணிக்கு மேல லைட்ட மாட்டிக்கிட்டு செம்பனைத் தோட்டத்து சடக்குலயும் அதுக்குப் பின்னால காட்டோரப் பாதையிலயும் மவுண்டன் பைக் ஓட்டுறாங்க. பகல் வெயிலுக்கு அது சுகமாத்தான் இருக்கும், வேணாம்னு சொல்ல வரல.

வந்த பையனுக்கு 19 வயசு. மொத நாள் ராத்திரி, வெட்டிப் போட்ட செம்பனை மட்டையில சக்கரம் ஏறி, ஹேண்டில் திரும்பி, அதோட முனை வயித்துல குத்தி விழுந்திருக்கான். முட்டியில சிராய்ப்பு மட்டும்தான், எழுந்து வீட்டுக்கு ஓட்டிக்கிட்டே வந்துட்டான். காலையில இடது தோள் வலிக்குதுன்னு சொல்ல, அம்மா தைலம் போட்டு உருவி விட்டு ரெண்டு பெனடோல் வலி மாத்திரை குடுத்து படுக்க வச்சிருக்காங்க. மத்தியானம் எங்ககிட்ட வரும்போது மூஞ்சி வெளுத்து, கை சில்லுன்னு, நாடி நிமிஷத்துக்கு 130. சட்டையத் தூக்குனா இடது விலாவுக்குக் கீழ 50 காசு அளவுக்கு வட்டமா செவந்த தடம், வேற ஒன்னும் இல்ல. உள்ள மண்ணீரல் கிழிஞ்சு வயிறு முழுக்க ரத்தம்.

"ரத்தமே வரலையே தம்பி"ன்னு அம்மா அழறாங்க. வெளிய வர்ற ரத்தத்த துணிய வச்சு அமுக்கலாம்மா, உள்ள ஓடுறத யாரு அமுக்குறது? மொத்த வேகமும் அந்தச் சின்ன வட்டத்துல எறங்குது, தோல் வளைஞ்சு குடுத்துடும், உள்ள இருக்கறது முதுகெலும்புக்கும் ஹேண்டிலுக்கும் நடுவுல மாட்டி நசுங்கும். மண்ணீரல், கல்லீரல், கணையம், குடல், எது வேணும்னாலும். தோள்ல அடியே படல, வயித்துல தேங்குன ரத்தம் உதரவிதானத்த, அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற தசைய, உறுத்துனா வலி தோள்ல தெரியும். வயித்த மட்டும் உருவாதீங்க, கும்புட்டு கேட்டுக்குறேன். வாலிபப் பசங்க உடம்பு பிரஷர ரொம்ப நேரம் இழுத்துப் புடிச்சு வச்சிருக்கும், நடப்பான், பேசுவான், போன் பாப்பான், அப்புறம் ஒரேயடியா சரிஞ்சுடுவான், எங்களுக்குப் பயமே அதுதான்.

ஹேண்டில் வயித்துல குத்துச்சுன்னா ராத்திரியே வாங்க, வலி கம்மியா இருந்தாலும் வாங்க. வார்டுல வச்சுப் பாக்கணும்னா இருங்க, சண்டை போட்டு கையெழுத்து வச்சுட்டு கெளம்பாதீங்க. வர்ற வழியில மைலோ கூட குடுக்காதீங்க, ஆபரேஷன் ஆகலாம்.

லைட் ஹேண்டில்ல ஒன்னு, ஹெல்மெட்ல ஒன்னு. ஹேண்டில் லைட் சக்கரம் பாக்குற பக்கம்தான் பாக்கும், வளைவுல கெடக்குற மட்டையும் சடக்குக்குக் குறுக்க கட்டுன சங்கிலியும் தலையத் திருப்புற பக்கம் வெளிச்சம் விழுந்தாத்தான் தெரியும். தனியா போகாதீங்க. தோட்டத்துல எந்தப் பகுதின்னு காட்டுற பிளாக் நம்பர் பலகையப் பாத்து வச்சுக்குங்க, 999 அடிச்சு "தோட்டத்துக்குள்ள இருக்கோம்"னு சொன்னா ஆம்புலன்ஸ் எங்கன்னு தேடும்?

பையன் பொழச்சுக்கிட்டான். மண்ணீரல எடுத்தாச்சு, அது இல்லன்னா கிருமிய எதிர்க்குற சக்தி கொறையும், அதனால தடுப்பூசி போட்டுக்கணும், இனி லேசா காய்ச்சல் அடிச்சாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அவன் சைக்கிள அண்ணன் லோரியில ஏத்திக்கிட்டு வந்திருந்தாரு. கைப்பிடி ரப்பர் முனை பிஞ்சு, அடைப்பு இல்லாம வெறும் குழாய். அந்த அடைப்பு சைக்கிள் கடையில சில்லறைக் காசுக்கு கெடைக்கும், இன்னிக்கே உங்க ஹேண்டில் முனைய விரலால தடவிப் பாருங்க, குழாய் விளிம்பு கையில படுதான்னு.