அல்பம்: தொகுப்பா, தொகையா?

யாழ்ப்பாணத்தில் அல்பம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கலியாண அல்பம்தான். புதுமணத் தம்பதி வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிக்கு முன்னமே அது மடிக்கு வந்துவிடும். தமிழ்நாட்டில் ஆல்பம் என்று நீட்டுவார்கள். நாங்கள் குறுக்கி எழுதுவதால் அற்பம் என்று பொருள்படும் அல்பத்தோடு அது முட்டிக்கொள்கிறது, அது வேறு கதை.

சொல் இலத்தீன். அல்புஸ் என்றால் வெள்ளை. பழைய உரோமில் அரச அறிவித்தல்களை எழுதிவைத்த வெள்ளைப் பலகைதான் அல்பம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய ஏட்டுக்கு (எங்கள் ஓட்டோகிராப் மாதிரித்தான்) அந்தப் பெயர் வந்தது, பிறகு படம் ஒட்டும் புத்தகத்துக்கு. சரி, பாட்டுக்கு எப்படி வந்தது? நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம்தான் பிடிக்கும், நீண்ட இசையென்றால் பல தட்டுகள் வேண்டும், அவற்றைப் புத்தகம் போலக் கட்டிய உறைகளில் செருகி விற்றார்கள், பார்வைக்கு அசல் பட அல்பம். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தது. புத்தகம் போனது, பெயர் நின்றுவிட்டது.

தமிழில் என்ன சொல்வது? எங்கள் பக்கம் அழைப்பிதழில் 'இறுவட்டு வெளியீடு' என்று அடிப்பார்கள். இறுவட்டு என்பது சீடி. கசற் காலத்து ஒலிநாடா போல அதுவும் பண்டத்தின் பெயர்தான். பாட்டை யூடியூப்பில் ஏற்றிவிட்டு இறுவட்டு என்றால் வட்டு எங்கே? 'பாடல் தொகுப்பு' பரவலான சொல், ஆனால் பழைய பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்ததும் தொகுப்புத்தான்.

1977இல் ஃபிளீட்வுட் மக் குழு வெளியிட்ட 'ரூமர்ஸ்' என்ற ரொக் அல்பத்தை எடுங்கள். ஒலிப்பதிவு நேரத்தில் குழுவுக்குள்ளேயே ஒரு தம்பதி பிரிந்திருந்தது, ஒரு காதல் சோடி உடைந்தது, டிரம்ஸ் அடித்தவருக்கும் வீட்டில் பிரச்சினை. ஒருவர் தன்னை விட்டுப் போனவரைப் பற்றி எழுதிய பாட்டுக்கு அந்த ஆளே பின்னணி பாடவேண்டிய நிலை. இப்படி ஒரே மனக்காயத்தைச் சுற்றி வருகிற பாட்டுகளுக்கு என் தெரிவு 'இசைத்தொகை'. தண்டியலங்காரம் என்ற பழைய அணியிலக்கண நூலின் உரை, பலர் பாடிய நெடுந்தொகையையும் (அகநானூறுதான்) ஒருவரே பாடிய திருக்குறளையும் தொகை என்றே சொல்கிறது, பொருளால் தொகுத்தது என்று ஒரு வகையும் வைக்கிறது. குறளின் கடைசி அதிகாரம் ஊடலுவகை, காதலர் பிணங்கிக் கூடுவதில் வரும் மகிழ்ச்சி; ரொக்காரருக்கு அந்த உவகை வாய்ப்பது அருமை.

'ரூமர்ஸ்' என்பதை வதந்திகள் என்று பெயர்த்தால் சப்பென்று இருக்கும். காதலைப் பற்றி ஊர் வாய் பேசுவதற்கு அலர் என்றே சொல் இருக்கிறது.

கலியாண அல்பம் மட்டும் அல்பமாகவே இருக்கட்டும். அதைக் கலியாணத் தொகை என்றால் எங்கள் ஊரில் சீதனக் கணக்கென்று நினைப்பார்கள்.