ஜெனரேட்டர் ஓடும்போது ஆர்சிசிபி ஏன் தூங்குகிறது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உணவுக்கடை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிவிட்டேன். கரண்ட் போனால் ஃப்ரீசரில் இருக்கும் ஆட்டிறைச்சியைக் காப்பாற்ற வேண்டும். வயர்மேன் தனி சுவிட்ச், தனி வயரிங் என்று பெரிய தொகை சொல்கிறார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் கடை முழுக்க விளக்கு எரியும் என்கிறார் நண்பர். எது சரி?"

விளக்கு எரியும்தான். ஆனால் மின்சாரம் கடையோடு நிற்காது, மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்கும் போகும். நம் டிரான்ஸ்ஃபார்மர்கள் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக, அதாவது ஒரு ஃபேஸுக்கு 250 வோல்ட்டாக இறக்குகின்றன. விகிதம் 44க்கு 1. எந்தப் பக்கத்திலிருந்து ஊட்டினாலும் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும். பின்வாசல் வழியாக 230 வோல்ட் போனால் முன்வாசலில் பத்தாயிரம் வோல்ட் நிற்கும். "இவ்வளவு சின்ன ஜெனரேட்டர் தெருவையே தாங்குமா? உடனே நின்றுவிடுமே" என்பார்கள். தெரு முழுக்க இணைந்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மரம் விழுந்து கம்பி அறுந்து, உங்கள் பக்கம் நாலு கடை மட்டும் மிஞ்சியிருந்தால் சோர்வே இல்லாமல் ஓடும். அந்தக் கம்பியைப் பிடிக்கும் தெனாகா (மின்வாரிய நிறுவனம்) ஊழியரின் உயிரைப் பறிக்க 230 வோல்ட்டே போதும். இன்னொன்று: அந்த வயரின் ஒரு முனை சாக்கெட்டை விட்டு நழுவினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கால்களில் உயிருள்ள மின்சாரம் இருக்கும்.

ஆகவே வயர்மேன் சொல்வதே சரி. அவர் போட வேண்டியது I-0-II (தெனாகா, நிறுத்தம், ஜெனரேட்டர்) என்று மூன்று நிலை உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒன்றை விட்ட பிறகே மற்றொன்றைப் பிடிக்கும்படி உள்ளே இரும்பால் பூட்டியிருப்பார்கள். மெயின் சுவிட்ச் 63 ஆம்பியர் என்றால் இதுவும் 63 ஆம்பியர். இடம்: மெயின் சுவிட்சுக்குப் பின்னால், ஆர்சிசிபிக்கு (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) முன்னால். இரண்டு எம்சிபியை (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறங்கள்" என்று எழுதி ஒட்டுவது சேஞ்ச்ஓவர் ஆகாது. இருட்டில் அவசரத்தில் யாரும் படிக்கமாட்டார்கள்.

இவ்வளவு தூரம் பல வயர்மேன்கள் சரியாகவே செய்துவிடுகிறார்கள். தவறு நடப்பது நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியில்.

மின்சாரம் பூமிக்குள் இறங்கிப் போய்விடும் என்று நம்புகிறோம். ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூடநம்பிக்கை என்று நான் சொல்வது, பூமி மின்சாரத்தைக் குடித்துவிடும் என்பதைத்தான். மின்சாரம் தான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும். தெனாகா டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் மண்ணில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஃப்ரீசரின் உடலில் லைவ் பட்டால், மின்சாரம் எர்த் வயர் வழியாக உங்கள் எர்த் கம்பிக்கு இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்ச் சேர்கிறது. போனதும் நியூட்ரலில் திரும்பியதும் பொருந்தாததால், 0.1 ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ளேயே ஆர்சிசிபி விழுகிறது. மண்ணின் தடை 100 ஓம் இருந்தாலும் 2.3 ஆம்பியர் ஓடும். 20 ஆம்பியர் எம்சிபிக்கு அது கொசுக்கடி, ஆர்சிசிபிக்கு ஏராளம்.

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எதனோடும் சேராமல் மிதக்கிறது. டெஸ்ட் பென் வைத்தால் சில சமயம் லைவ், நியூட்ரல் இரண்டிலும் விளக்கு மினுக்கும். எர்த்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்பதால் அப்படி. இப்போது ஃப்ரீசர் உடலில் லைவ் பட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போகலாம், ஆனால் மண்ணிலிருந்து ஜெனரேட்டருக்குத் திரும்ப வழி இல்லை. ஓட்டம் இல்லை, வித்தியாசம் இல்லை, ஆர்சிசிபி தூங்குகிறது. ஒரே ஒரு கருவியை நேராகச் செருகி ஓட்டும்போது இந்த மிதப்பு ஒரு பாதுகாப்புதான். கடை முழுக்க வயரிங்கோடு சேரும்போது முதல் பழுது சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். எதிர்முனையில் இரண்டாவது பழுது வரும் நாளில் நடுவில் இருப்பது யாருடைய கை என்று சொல்ல முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் குரூரமான விஷயம் டெஸ்ட் பொத்தான். அதை அழுத்தினால் ஆர்சிசிபி "டக்" என்று விழும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். பொத்தானுக்குப் பின்னால் இருப்பது ஒரு மின்தடை. அது ஒரு பக்கத்து லைவிலிருந்து மறுபக்கத்து நியூட்ரலுக்குக் கொஞ்சம் மின்சாரத்தை, உள்ளிருக்கும் வளையத்தைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அந்தப் பாதையில் எர்த்துக்கு வேலையே இல்லை. எர்த் கம்பியைப் பிடுங்கி எறிந்தாலும் பொத்தான் வேலை செய்யும். அது சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும், உங்கள் கடையை அல்ல.

மாற்று எளிது. ஜெனரேட்டர் பக்கத்திலேயே நியூட்ரலை அதன் இரும்புச் சட்டத்தோடு இணைத்து, சட்டத்தைக் கடையின் மெயின் எர்த் முனைக்குத் தாமிர வயரால் இழுக்க வேண்டும். அதற்கு ஒரு எர்த் கம்பியும் வேண்டும், ஆனால் பழுது மின்சாரம் திரும்பும் முக்கிய வழி அந்தத் தாமிரம்தான், மண் அல்ல. இந்த இணைப்பை டிபி பெட்டிக்குள் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) போடக் கூடாது. தெனாகாவுக்குத் திரும்பிய பின்னும் அது அங்கேயே இருந்து நியூட்ரல் மின்சாரத்தைப் பங்குபோடும், ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும். இதனால்தான் சேஞ்ச்ஓவர் லைவோடு நியூட்ரலையும் வெட்ட வேண்டும்: ஒரு ஃபேஸ் கடைக்கு 2 துருவம் (pole), மூன்று ஃபேஸுக்கு 4 துருவம். மூன்று ஃபேஸில் நியூட்ரல் கடைசியாகப் பிரிந்து முதலில் சேர வேண்டும். முந்திப் பிரிந்தால் சுமை குறைந்த ஃபேஸ் 400 வோல்ட்டை நோக்கி ஏறும், கல்லாப்பெட்டி எரியும்.

இணைப்பதற்கு முன் ஜெனரேட்டரின் கையேட்டைப் பாருங்கள். சிலவற்றில் நியூட்ரல் ஏற்கெனவே சட்டத்தோடு சேர்ந்திருக்கும், சில இன்வெர்ட்டர் வகைகளில் சேர்க்கவே கூடாது. எஞ்சினை அணைத்து, மல்டிமீட்டரால் நியூட்ரலுக்கும் சட்டத்துக்கும் நடுவே தொடர்ச்சி பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. 5 கேவிஏ என்றால் 22 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 20 ஆம்பியர் பிரேக்கர், 4 சதுர மி.மீ. ரப்பர் கேபிள், சுவரில் 32 ஆம்பியர் நீல நிற இன்லெட். ஆண்கால்கள் சுவர்ப்பக்கம் இருக்கும், கேபிள் முனையில் துளைகள் மட்டும். ஜெனரேட்டரை அஞ்சடியில் (கடை வாசலையொட்டிய கூரையுள்ள நடைபாதை) வைக்காதீர்கள். மேலே கூரை, பக்கத்தில் கதவு, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்த பின்சந்தில், சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி. ஓட்டும்போது எல்லா எம்சிபியையும் இறக்கி, எஞ்சினைக் கிளப்பி, வேகம் நிலைத்த பின் சுவிட்சை II-க்குத் திருப்புங்கள். ஃப்ரீசரை முதலில் ஏற்றுங்கள். அதன் மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும்.

வேலை முடிந்ததும் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன், ஆர்சிசிபியைச் சோதிக்கும் ஆர்சிடி டெஸ்டரை ஒரு சாக்கெட்டில் செருகி, ஜெனரேட்டர் ஓடும்போதே சோதிக்க வேண்டும். அந்தக் கருவி லைவிலிருந்து எர்த்துக்கு மின்சாரம் விட்டுப் பார்க்கும். குறித்த அளவில் 300 மில்லிசெகண்டுக்குள் ஆர்சிசிபி விழ வேண்டும். விழாவிட்டால் நியூட்ரல் இணைப்புக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்திக் காட்டிவிட்டுக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.